பாட்டியின் தோட்டில் ஒரு சிவப்புப் புள்ளி: வைரம் பூமிக்குள் எப்படி உண்டாகிறது?

முலுண்ட் மீனா | திங்கள், இரவு 9:10

எல்லோருக்கும் வணக்கம். பாட்டியிடமிருந்து அம்மாவுக்கு வந்து, அம்மாவிடமிருந்து எனக்கு வந்த ஏழு கல் வைரத்தோடு ஒரு ஜோடி இருக்கிறது. கும்பகோணத்தில் கட்டியது, பின்பக்கம் மூடிய குளோஸ் செட்டிங். பின்பக்கத் தங்கம் தேய்ந்து கல் ஆட ஆரம்பித்ததால் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம் என்று இங்கே மும்பையில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கற்களைக் கழற்றி லூப் (நகைக்காரர்களின் உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துப் பார்த்தவர், பதினான்கில் ஒரு கல்லில் சிவப்புப் புள்ளி இருக்கிறது, இது தோஷக் கல், வீட்டுக்கு ஆகாது, அதை நானே எடுத்துக்கொண்டு வேறு கல் வைத்துத் தருகிறேன் என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. எல்லாவற்றையும் பொட்டலமாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் மகள் (எட்டாவது படிக்கிறாள்) கேட்டது இதுதான்: "நிலக்கரி அழுந்தி அழுந்திதானே வைரம் ஆகுது? கறுப்பிலிருந்து வந்த கல்லுக்குள்ளே சிவப்பு எப்படி வந்தது?" எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் புள்ளி என்ன, வைரம் உண்மையில் எப்படி உண்டாகிறது, தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

பிகேசி பாண்டி | திங்கள், இரவு 9:34

அக்கா, கல்லைக் கொடுக்காமல் வந்தீர்களே, நல்ல காரியம். நான் பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸில் பல வருஷமாக வைரம் தரம் பிரிக்கிற வேலையில் இருக்கிறேன். அதற்கு முன் ஓபரா ஹவுஸ் பக்கம் வேலை கற்றேன். 2010இல் பாரத் டைமண்ட் போர்ஸ் என்ற வைரச் சந்தை திறந்த பிறகு எங்கள் ஆபீஸ் இங்கே வந்தது.

சிவப்புப் புள்ளியை நாங்கள் அடிக்கடி பார்ப்பதில்லை. பெரும்பாலும் கறுப்பு அல்லது வெள்ளைதான். வெள்ளையில் பஞ்சு மாதிரி ஒரு மூட்டம் இருக்கும், இல்லையென்றால் இறகு மாதிரி ஒரு கீறல் இருக்கும். சிவப்பு என்றால் அது அனேகமாக கார்னெட் என்ற வேறொரு தாது. ஒரு கேள்வி: லூப்பில் பார்க்கும்போது அது கல்லுக்குள்ளே தனியாக, விளிம்பு சுத்தமாகத் தெரிகிறதா? இல்லை, மேலே வந்து தொடுகிற விரிசலில் கறை மாதிரி இருக்கிறதா? விரிசலில் இரும்புக் கறை படிந்தாலும் செம்பழுப்பாகத் தெரியும். அது வேறு கதை.

முலுண்ட் மீனா | திங்கள், இரவு 9:52

பாண்டி தம்பி, பக்கத்து வீட்டில் வாட்ச் ரிப்பேர் செய்பவரிடம் லூப் வாங்கி இப்போதுதான் பார்த்தோம். கடுகில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மாதுளை முத்து நிறம், கொஞ்சம் ஊதா கலந்த சிவப்பு. ஓரம் உருண்டையாக, சுத்தமாக இருக்கிறது. விரிசல் எதுவும் தெரியவில்லை. விளக்கு வெளிச்சத்தில் திருப்பும்போது ஒரே புள்ளி மூன்று நான்கு இடத்தில் தெரிந்து மறைகிறது. மகள் லூப்பைக் கையிலிருந்து விடமாட்டேன் என்கிறாள்.

பிகேசி பாண்டி | திங்கள், இரவு 9:58

பட்டைகளில் பிரதிபலிப்பதால் அப்படிப் பல புள்ளியாகத் தெரியும், பயப்பட வேண்டாம். நீங்கள் சொல்லும் நிறம் கார்னெட்தான் என்று தோன்றுகிறது. அது ஏன் அங்கே வந்தது என்று சொல்ல எனக்கு அவ்வளவு படிப்பு இல்லை. இங்கே ஜியாலஜிக்காரர் ஒருவர் இருக்கிறாரே, வரட்டும்.

கல்லும் மண்ணும் | செவ்வாய், காலை 6:20

வந்துவிட்டேன். இரவே எழுத ஆசை, ஆனால் தூக்கம் வந்துவிட்டது. சென்னையில் ஜியாலஜி படித்து, பத்து வருஷம் பாறை தோண்டும் வேலையில் அலைந்து, இப்போது பொவாயில் இருக்கிறேன். இந்த விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. அதனால் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு முதலில். பாப்பா, வைரம் நிலக்கரியிலிருந்து வருவதில்லை. இரண்டுமே கார்பன், அதனால் இந்தக் கதை எப்படியோ பரவிவிட்டது. வயதை மட்டும் பார்த்தாலே போதும். நிலக்கரி என்பது செடியும் மரமும் புதைந்து ஆனது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிக்குச் சில கோடி வயது. உலகின் பெரிய நிலக்கரிப் படிவுகளுக்குச் சுமார் 30 கோடி. நாம் காதில் போட்டுக்கொள்ளும் வைரங்களில் பெரும்பாலானவற்றுக்கு 100 கோடியிலிருந்து 350 கோடி ஆண்டு வயது. நிலத்தில் ஒரு புல் முளைப்பதற்கு முன்பே வைரம் இருந்தது. இன்னொன்று, நிலக்கரி படுகைகள் சில கிலோமீட்டர் ஆழத்துக்குள்தான் இருக்கின்றன. வைரம் உண்டாகும் இடம் அதற்கும் வெகு கீழே.

எவ்வளவு கீழே? சுமார் 150 முதல் 200 கி.மீ. இங்கிருந்து புனேவுக்குப் போகிற தூரத்தை அப்படியே செங்குத்தாக நிறுத்தி நிலத்துக்குள் இறக்குங்கள். அதுதான் இடம். மனிதன் இதுவரை தோண்டியதில் ஆழமான துளை ரஷ்யாவின் கோலாவில் இருக்கிறது, 12 கி.மீ.க்குக் கொஞ்சம் அதிகம். புனே போகக் கிளம்பி ஊர் எல்லையைக்கூடத் தாண்டாத மாதிரி.

பள்ளியில் மேலோடு, கவசம், கருவம் என்று படித்திருப்பாள். அந்தக் கவசம்தான் மேன்டில். அங்கே 150 கி.மீ. ஆழத்தில் அழுத்தம் நம் வளிமண்டலத்தைப் போல ஏறக்குறைய ஐம்பதாயிரம் மடங்கு. கட்டைவிரல் நகத்தின் அளவு இடத்தின் மேல் சரக்கேற்றிய இரண்டு பெரிய லாரிகளை நிறுத்தினால் எவ்வளவோ அவ்வளவு. வெப்பம் 900 முதல் 1,300 டிகிரி செல்சியஸ். இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் கார்பன் அணுக்கள் பென்சில் கரி மாதிரி தாள் தாளாக அடுக்காமல், ஒவ்வொன்றும் நான்கு பக்கமும் கைகோத்து வைரமாகின்றன.

ஆனால் அழுத்தத்தை மட்டும் நினைத்தால் தப்பாகப் புரிந்துகொள்வோம். ஏதோ ஒரு கரித்துண்டை யாரோ நசுக்கி நசுக்கிக் கண்ணாடி ஆக்கியது போல ஒரு படம் மனதில் வரும். நடப்பது அது இல்லை. வைரம் வளர்கிறது. வீட்டில் பார்த்திருப்பீர்களே, சர்க்கரைப் பாகில் நூலைத் தொங்கவிட்டால் அதைப் பிடித்துக்கொண்டு கற்கண்டு வளரும். அது மாதிரி. மேன்டில் பாறையின் இடுக்குகளில் கார்பன் கலந்த திரவம் ஊர்ந்து போகிறது. சில இடத்தில் அது கார்பனேட்டாக, சில இடத்தில் மீத்தேனாக இருக்கும். வழியிலுள்ள பாறையோடு அது வினைபுரியும்போது, ஆக்சிஜனைக் கொடுத்தோ வாங்கியோ, கார்பன் மட்டும் தனியே பிரிந்து படிகமாக ஒட்டிக்கொள்கிறது. திரவம் வரும்போது வளரும், நின்றால் நிற்கும். ஒரே கல்லின் நடுப்பகுதிக்கும் ஓரத்துக்கும் பல கோடி ஆண்டு இடைவெளி இருப்பதுண்டு. எலக்ட்ரான் கற்றையை அடித்துப் பார்த்தால் மரத்தின் வளையம் மாதிரி அடுக்கடுக்காக ஒளிரும்.

இப்போது அக்காவின் புள்ளி. கற்கண்டு வளரும்போது பாகில் ஒரு ஏலக்காய் விதை மிதந்தால் என்ன ஆகும்? அதையும் சுற்றி மூடிக்கொண்டு வளரும். அந்த மேன்டில் பாறையில் இருக்கிற தாதுக்கள் ஒலிவின், குரோமைட், அப்புறம் ஊதா கலந்த சிவப்பில் பைரோப் கார்னெட். நீங்கள் சொன்ன நிறம் குரோமியம் உள்ள பைரோப்புக்கு அப்படியே பொருந்துகிறது. ஆரஞ்சு நிறமாக இருந்திருந்தால் எக்ளோகைட் என்ற வேறு பாறையில் வளர்ந்த வைரம் என்று சொல்லியிருப்பேன். உங்கள் பாட்டியின் கல் பெரிடோடைட் என்ற பாறையில், ஒரு கார்னெட் துகளைக் கட்டிப்பிடித்தபடி வளர்ந்திருக்கிறது. அந்தத் துகள் மேன்டிலின் ஒரு துண்டு. காற்றும் நீரும் தொடாமல், உள்ளே போன நாளில் இருந்த மாதிரியே இருக்கிறது. இதைத் தோஷம் என்று யாராவது சொன்னால் எனக்கு நெஞ்சு வலிக்கும்.

டோம்பிவிலி தாத்தா | செவ்வாய், காலை 8:05

தம்பி, நன்றாகச் சொன்னீர்கள். ஒரு சிறு சேர்க்கை. வைரத்துக்குக் குற்றம் பார்ப்பது நம்மிடம் நேற்று வந்த பழக்கம் அல்ல. சிலப்பதிகாரத்தில் ஊர்காண் காதையில் கோவலன் மதுரைக் கடைவீதியைச் சுற்றிப் பார்க்கிறான். மணிக்கடையில் இருக்கும் வைரத்தைச் சொல்லும்போது காகபாதம், களங்கம், விந்து, ஏகை ஆகிய குற்றங்கள் நீங்கியது என்று வருகிறது. விந்து என்றால் புள்ளி. ஏகை என்றால் கோடு. இன்று லூப் வைத்துப் பார்ப்பவர்கள் தேடுவதும் அதே நான்குதான். வியாபாரத்துக்காகக் கல்லைத் தரம் பிரித்தார்கள், அது சரி. அதைக் குடும்பத்துக்குக் கேடு என்று சொல்லிக் கல்லைக் கேட்டு வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. மீனாம்மா, கொடுக்காதீர்கள்.

இன்னொரு சந்தேகம். என் வீட்டம்மாவுக்குத் தோடு வாங்கியபோது புளூ ஜாகர் என்று சொல்லி விற்றார்கள். ஐம்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஜாகர் என்றால் என்னவென்று தெரியாது.

பிகேசி பாண்டி | செவ்வாய், மதியம் 1:15

ஐயா, அது ஒரு ஊர்ப் பெயரின் துண்டு. தென்னாப்பிரிக்காவில் ஜாகர்ஸ்ஃபோன்டைன் என்று ஒரு சுரங்கம். அங்கிருந்து வந்த நல்ல வெள்ளைக் கற்களில் வெயில் பட்டால் லேசாக நீலம் ஓடும். அந்தச் சரக்குக்கு ஜாகர் என்று பெயர் விழுந்தது. 1971இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். நம் ஊர்க் கடைகளில் பெயர் மட்டும் நின்றுவிட்டது. இப்போது யாராவது புளூ ஜாகர் என்றால் அந்த மாதிரித் தோற்றமுள்ள கல் என்றுதான் அர்த்தம், அந்தச் சுரங்கத்துக் கல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் வீட்டுத் தோடு ஐம்பது வருஷத்துக்கு முந்தியது என்பதால் உண்மையாகவே அங்கிருந்தும் வந்திருக்கலாம்.

ரூபாய் நோட்டு சரிபார்க்கிற ஊதா விளக்கு இருந்தால் இருட்டில் காட்டிப் பாருங்கள். பளிச்சென்று நீலமாக ஒளிரும் கல் உண்டு. ஒன்று சொல்லிவிடுகிறேன், மூன்று நான்கு கல்லில் ஒன்றுதான் அப்படி ஒளிரும். ஒளிரவில்லை என்பதால் போலி என்று யாரும் பதற வேண்டாம்.

தாராவி தமிழ் | செவ்வாய், மாலை 4:40

அண்ணா, நான் பன்னிரண்டாவது. ரெண்டு சந்தேகம்.

ஒன்று, 150 கி.மீ. கீழே இருக்கிற கல் எப்படி மேலே வந்தது? ரெண்டு, மும்பையே எரிமலைக் குழம்பு உறைந்த இடம் என்று பாடத்தில் இருக்கு. அந்தேரியில் கில்பர்ட் ஹில் போய்ப் பார்த்தோம். அப்படின்னா இங்கே ஏன் வைரம் இல்லை?

கல்லும் மண்ணும் | செவ்வாய், இரவு 10:30

தம்பி, இரண்டாவது கேள்விக்குள்ளேயே முதல் கேள்விக்கான பதில் இருக்கிறது. அருமையாகக் கேட்டாய்.

வைரம் தானாக மேலே வராது. மேன்டிலின் ஆழத்தில், வைரம் இருக்கும் இடத்துக்கும் கீழே, கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் நிறைந்த ஒரு குழம்பு உண்டாகும். அதற்குக் கிம்பர்லைட் என்று பெயர், தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி ஊரை வைத்து வந்தது. சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்தால் எப்படிப் பீறிடும்? அந்த மாதிரி, வாயு விரிய விரிய வேகம் கூடி, பாறையைப் பிளந்துகொண்டு மேலே ஏறுகிறது. வழியில் இருக்கிற பாறைத் துண்டுகளையும் வைரத்தையும் வாரிக்கொண்டு வரும். மொத்தப் பயணமும் சில மணி நேரத்திலிருந்து ஒரு சில நாளுக்குள் முடிந்துவிடும். நூறு கோடி வருஷம் அசையாமல் கிடந்த கல், புனே தூரத்தை ரயிலில் போகிற மாதிரி ஒரே மூச்சில் கடந்துவிடுகிறது.

அந்த வேகம் இல்லாவிட்டால் வைரமும் இல்லை. ஏனென்றால் மேலே வர வர அழுத்தம் குறையும், வெப்பம் மட்டும் அதிகமாகவே இருக்கும். அந்த நிலையில் கார்பனுக்குப் பிடித்த வடிவம் கிராஃபைட். மெதுவாக வந்தால் வழியிலேயே பென்சில் கரியாக மாறிவிடும், இல்லையென்றால் குழம்பில் கரைந்து போகும். சீக்கிரம் வந்து சட்டென்று குளிர்ந்துவிட்டால் அணுக்கள் இடம் மாற நேரமும் தெம்பும் இருக்காது. நம் கையில் இருக்கிற வைரம் அப்படி நிறுத்திவைக்கப்பட்டது. சாதாரண வெப்பத்தில் அது கரியாக மாற நாம் நினைத்தே பார்க்க முடியாத காலம் ஆகும், அதனால் கவலை வேண்டாம்.

இப்போது மும்பை. நம் காலுக்குக் கீழே இருப்பது தக்காணத்தின் பசால்ட், சுமார் 6.6 கோடி ஆண்டுக்கு முந்தையது. கில்பர்ட் ஹில் தூண் தூணாக நிற்கிறதே, அதுவும் அந்தக் காலத்துக் குழம்புதான். பசால்ட் குழம்பு உருகுவது வைரம் இருக்கும் ஆழத்துக்கு மேலே. நடுவில் அங்கங்கே தேங்கி நின்று, சாவகாசமாக ஏறும். வழியில் எங்காவது ஒரு வைரத்தைத் தொட்டிருந்தாலும் அது பிழைத்திருக்காது. எரிமலை இருக்கிற இடத்திலெல்லாம் வைரம் இருக்கும் என்று நினைப்பது தவறு.

இன்னொன்றும் வேண்டும். கீழே வைரம் பத்திரமாகக் கிடக்க, கண்டத்துக்கு ஆழமான, பழைய வேர் இருக்க வேண்டும். 250 கோடி ஆண்டுக்கு மேல் பழமையான கண்டப் பகுதிகளுக்குக் கீழே 200 கி.மீ. வரை தடித்த பாறை வேர் தொங்குகிறது. சுற்றியிருக்கிற மேன்டிலைவிட அது குளிர்ச்சி. குளிர்ச்சி என்றால் ஆயிரம் டிகிரி, ஆனாலும் அந்த ஆழத்துக்கு அது குளிர்ச்சிதான். அழுத்தம் அதிகம், வெப்பம் ஒப்பீட்டில் குறைவு. வைரத்துக்கு வேண்டியது அதுதான். இந்தியாவில் மத்தியப் பிரதேசத்தின் பன்னாவிலும் ஆந்திராவின் வஜ்ரகரூரிலும் வைரக் குழாய்கள் (அப்படிக் குழம்பு ஏறி வந்து உறைந்த பாறைத் தூண்கள்) இருப்பது அந்தப் பழைய பகுதிகளில்தான். இரண்டு இடத்திலும் குழம்பு மேலே வந்தது சுமார் 110 கோடி ஆண்டுக்கு முன்பு.

சயான் கோலிவாடா | புதன், காலை 9:20

ஊரில் கேள்விப்பட்டது: கர்னூல் பக்கம் ஜொன்னகிரி, துக்கலியில் முதல் மழை பெய்ததும் ஜனங்கள் குடும்பத்தோடு வயலில் வைரம் தேடுவார்களாம். உண்மையா? தமிழ்நாட்டில் அப்படி எங்கேயும் கிடையாதா?

கல்லும் மண்ணும் | புதன், காலை 9:50

உண்மைதான். நான் ஒருமுறை போய்ப் பார்த்திருக்கிறேன். மழை மேல்மண்ணைக் கழுவிவிட்டால் கூழாங்கற்கள் வெளியே தெரியும். வெயில் சாய்கிற நேரத்தில் குனிந்தபடி நடப்பார்கள், தரையோடு தரையாக வெளிச்சம் வரும்போதுதான் மினுக்கம் கண்ணில் படும். ஒரு பெரியவர் தன் முந்தைய வருஷக் கல்லைப் பற்றிச் சொன்னார். சோப்புத் துண்டு மாதிரி வழுவழு என்று இருந்ததாம். அது சரியான வர்ணனை. தீட்டாத வைரம் பளபளக்காது, எண்ணெய் பூசின மாதிரி இருக்கும். தண்ணீர் அதில் ஒட்டாது, கிரீஸ் ஒட்டும். சுரங்கங்களில் கிரீஸ் பூசிய மேடையில் கல்லையும் தண்ணீரையும் ஓடவிட்டு வைரத்தைப் பிடித்த காலமும் உண்டு.

குழாய்ப் பாறை கோடிக்கணக்கான வருஷம் அரிக்கப்பட்டு, வைரம் மட்டும் தேயாமல் ஆற்று மண்ணோடு பரவுகிறது. கிருஷ்ணா ஆற்றங்கரையின் கொல்லூர், கோல்கொண்டா வைரம் எல்லாம் இப்படி ஆற்று வண்டலிலிருந்து எடுத்தவைதான்.

தமிழ்நாட்டில் வைரச் சுரங்கம் இல்லை. காங்கேயம், கரூர் பக்கம் சந்திரகாந்தக் கல், அக்வாமரின் எல்லாம் கிடைக்கும். அவை மேலோட்டுக்குள்ளேயே உண்டானவை, வைரத்தோடு ஒப்பிட்டால் மாடிப்படியின் முதல் படி ஆழம்.

போட்ஸ்வானாவில் வைரம் தேடியவர்கள் கறையான் புற்று மண்ணைச் சலித்தார்கள் தெரியுமா? தண்ணீருக்காகக் கறையான் ஆழத் தோண்டும்போது மணலுக்கு அடியிலிருந்து கார்னெட், இல்மனைட் என்ற தாதுக்களின் துகள்களை மேலே கொண்டுவந்துவிடும். மீனா அக்காவின் தோட்டில் இருக்கிற அதே வகை கார்னெட். வைரத்தைத் தேடுகிறவர்கள் முதலில் தேடுவது வைரத்தை அல்ல, அவர் சொன்ன அந்த ஊதாச் சிவப்பைத்தான்.

அந்தேரி அருள் | புதன், இரவு 8:45

எல்லாம் சரி, ஆனால் ஒரு மறுப்பு. நிலக்கரிக் கதை முழுப் பொய் என்று கல்லும் மண்ணும் சொன்னது கொஞ்சம் அவசரம். நான் வேதியியல் ஆள். வைரத்தின் கார்பன் ஐசோடோப்பை (எடையில் மட்டும் வேறுபடும் கார்பன் அணுக்களின் விகிதத்தை) அளந்தால், பெரிடோடைட் வைரங்களில் பெரும்பாலானவை மேன்டிலுக்கே உரிய ஒரே அளவைச் சுற்றி நிற்கும். எக்ளோகைட் வைரங்களில் ஒரு பகுதி மட்டும் மிக இலேசான கார்பன் பக்கம் சாய்ந்திருக்கும். உயிரிகளின் கார்பன் அப்படித்தான் இருக்கும். கடல் தளம் கண்டத்துக்கு அடியில் சொருகிப் போகும்போது, அதன் மேல் படிந்த சேற்றிலிருந்த உயிர்க் கார்பனும் கூடவே இறங்கி வைரமாகியிருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள்.

அப்புறம், சூரத்தில் ஆய்வக வைரம் சில வாரத்தில் வளர்க்கிறார்கள். அணு அமைப்பு ஒன்றே. பிறகு எதற்கு 150 கி.மீ. பேச்சு?

கல்லும் மண்ணும் | புதன், இரவு 9:30

முதல் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, நான் விட்டுவிட்டேன். நிலக்கரி அல்ல, ஆனால் பழைய கடலின் நுண்ணுயிர் என்று சொன்னால் ஒரு பகுதி வைரத்துக்கு அது பொருந்தும். பாப்பாவிடம் இதையும் சொல்லுங்கள் அக்கா.

இதில் இன்னொரு அழகு இருக்கிறது. எக்ளோகைட் என்பது பெரும்பாலும் கீழே சொருகிப்போன பழைய கடல் தளம்தான். வயது கணித்த வைரங்களை எல்லாம் வரிசைப்படுத்திப் பார்த்தால், 300 கோடி ஆண்டுக்கு முன் பெரிடோடைட் வகை மட்டும்தான் இருக்கிறது, எக்ளோகைட் வகை அதற்குப் பிறகுதான் தோன்றுகிறது. 2011இல் ஷைரி, ரிச்சர்ட்சன் என்ற இருவர் இதைக் காட்டி, கண்டங்கள் பிரிந்து சேரும் இன்றைய சுழற்சி அப்போதுதான் தொடங்கியது என்றார்கள். கண்டங்கள் எப்போது இப்படி நகரத் தொடங்கின என்பதற்குச் சாட்சி நகைக்கடை கழித்துப்போடும் கற்களில் இருந்தது. இந்த ரிச்சர்ட்சன்தான் 1984இல் தன் குழுவோடு தென்னாப்பிரிக்க வைரங்களிலிருந்து கார்னெட் துகள்களைச் சேர்த்து 320, 330 கோடி என்று வயதைக் கணித்தவர்.

ஆழத்தைப் பற்றிக் கேட்டீர்கள். 150 கி.மீ.யோடு முடியவில்லை. பிரேசிலின் ஜுயினாவில் ஆற்றிலிருந்து எடுத்த ஒரு பழுப்பு வைரம், நகைக்கு உதவாத அழுக்குக் கல். அதற்குள்ளே ரிங்வுடைட் என்ற தாது இருந்ததை கிரஹாம் பியர்சன் குழுவினர் 2014இல் வெளியிட்டார்கள். முடி அகலம்கூட இல்லாத துகள். ரிங்வுடைட் சுமார் 520 முதல் 660 கி.மீ. ஆழத்தில்தான் உண்டாக முடியும், இங்கிருந்து கோவா போகிற தூரம். அதன் எடையில் ஒரு சதவீதத்துக்கு மேல் தண்ணீர் கலந்திருந்தது. அந்த ஆழத்தில் பாறைக்குள்ளே தண்ணீர் இருக்கிறது என்பதற்கு முதல் நேரடிச் சான்று அந்தக் கல்தான். சுத்தமான கல்லாக இருந்திருந்தால் நமக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது.

டோம்பிவிலி ஐயா, உங்கள் ஜாகர்ஸ்ஃபோன்டைனிலும் இப்படி மிக ஆழத்திலிருந்து வந்த வைரங்கள் கிடைத்திருக்கின்றன. 1905இல் கிடைத்த 3,106 காரட் கல்லினன் போன்ற பெரிய கற்களும் 360 கி.மீ.க்கும் கீழே, உருகிய இரும்பு நிக்கலின் நடுவே வளர்ந்தவை என்று 2016இல் தெரிந்தது.

பிகேசி பாண்டி | புதன், இரவு 10:10

அருள் சார் கேட்ட இன்னொன்றுக்கு நான் சொல்கிறேன், இது என் தினசரி வேலை.

ஆய்வக வைரமும் வைரம்தான், நான் அதை மட்டமாகப் பேசமாட்டேன். ஒரு வகையில் விதைக் கல்லை வைத்து, மீத்தேன் வாயுவைப் பிளாஸ்மாவாக்கி (அணுக்கள் உடைந்து மின்னேறிய வாயுவாக்கி), மெல்லிய அடுக்காகப் படிய வைக்கிறார்கள். இதற்குப் பெரிய அழுத்தமே வேண்டாம். இன்னொன்று, மேன்டில் மாதிரியே அழுத்தமும் வெப்பமும் கொடுத்து உருகிய உலோகத்தில் வளர்ப்பது. 1954 டிசம்பரில் அமெரிக்காவில் டிரேசி ஹால் செய்து காட்டியது இந்த இரண்டாவது வழி. நம் ஐ.ஐ.டி. மெட்ராஸுக்கு 2023இல் ஆய்வக வைர ஆராய்ச்சிக்கென்றே ஐந்து வருஷத்துக்கு 242.96 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள்.

ஆனால் லூப் வைத்து இரண்டையும் பிரிக்க என்னால் முடியாது, யாராலும் முடியாது. மெஷினில்தான் போட வேண்டும். மெஷின் பார்ப்பது முக்கியமாக நைட்ரஜனை. ஏன் நைட்ரஜன் என்று எங்கள் ஆபீஸ் டெக்னீஷியன் ஒருநாள் சொல்லிக் கேட்டேன், முழுதாகப் புரியவில்லை.

கல்லும் மண்ணும் | புதன், இரவு 10:40

பாண்டி, இது கேட்க வேண்டிய கேள்வி. வைரம் வளரும்போது கார்பன் இருக்க வேண்டிய இடத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாக நைட்ரஜன் அணு உட்கார்ந்துவிடும். முதலில் தனித்தனியாக இருக்கும். ஆயிரம் டிகிரியில் மேன்டிலில் கிடக்கக் கிடக்க அவை மெல்ல நகர்ந்து இரண்டிரண்டாகச் சேரும். இன்னும் பல கோடி ஆண்டு போனால் நான்கு நான்காக. அந்த வழியில் மூன்று நைட்ரஜன் ஒரு காலி இடத்தைச் சுற்றி உட்காருவதும் உண்டு. ஊதா விளக்கில் நீலமாக ஒளிர்கிறதே, அது அந்த மூன்றின் வேலை. இயற்கை வைரங்களில் மிகப் பெரும்பாலானவை இப்படி நைட்ரஜன் சேர்ந்தவை. சில வாரத்தில் வளர்ந்த கல்லுக்கு அதற்கு நேரமே கிடைத்திருக்காது.

புளூ ஜாகரின் நீலம் என்பது அந்தக் கல் பூமிக்குள் காத்திருந்த காலம்.

இந்த ஒளிர்தலை ஆராய்ந்தவர்களில் நம் அன்னா மணியும் ஒருவர். சென்னையில் படித்துவிட்டு, 1940களில் பெங்களூரில் சர் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் முப்பதுக்கு மேற்பட்ட வைரங்களை வைத்து வேலை செய்தார். ஒரு போட்டோத் தகட்டில் ஒளி பதிய பதினைந்து இருபது மணி நேரம் ஆகும், அதனால் இரவெல்லாம் ஆய்வகத்திலேயே இருந்திருக்கிறார். முதுகலைப் பட்டம் இல்லை என்று அவருக்கு முனைவர் பட்டம் கொடுக்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

டோம்பிவிலி தாத்தா | வியாழன், காலை 7:30

பால் கடைக்காரரிடம் நோட்டு பார்க்கும் விளக்கு வாங்கி, நேற்று இரவு படுக்கையறை விளக்கை அணைத்துப் பார்த்தோம். வலது தோட்டில் நான்கு கல்லும் இடதில் ஐந்தும் நீலமாக எரிந்தன. வீட்டம்மா பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் இன்னொருமுறை காட்டச் சொன்னாள்.

முலுண்ட் மீனா | வியாழன், இரவு 9:00

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மகள் இரண்டு நாளாக எல்லோருக்கும் கற்கண்டுக் கதை சொல்கிறாள். கல்லை அப்படியே வைத்துக் கட்டப் போகிறேன், வேறு கடையில். கட்டக் கொடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? அந்தக் கல்லின் வயதைக் கண்டுபிடிக்க வழி உண்டா என்றும் மகள் கேட்கிறாள்.

கல்லும் மண்ணும் | வியாழன், இரவு 9:25

வயது பார்க்க வேண்டுமானால் வைரத்தை உடைத்து உள்ளே இருப்பதை எடுக்க வேண்டும். அந்தச் சின்னத் துகள் ஒன்று போதவும் போதாது. உடைக்க வேண்டாம் பாப்பா. கல் அப்படியே இருக்கட்டும்.

பிகேசி பாண்டி | வியாழன், இரவு 9:40

அக்கா, கட்டக் கொடுக்கும் முன் பதினான்கு கல்லையும் உங்கள் கண் முன்னே எடை போட்டு, ஒவ்வொன்றின் எடையையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். சிவப்புப் புள்ளிக் கல்லை லூப் வழியாக மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளி எந்தப் பட்டைக்குக் கீழே இருக்கிறது என்று தெரிய வேண்டும். சுத்தமான கல்லை மாற்றினால் உங்களுக்குத் தெரியாது. இந்தக் கல்லை யாரும் மாற்ற முடியாது.

நெருப்பு ஜாக்கிரதை. கார்னெட்டும் வைரமும் சூட்டில் ஒரே அளவு விரியாது, பற்றவைக்கிற தீயை நேராகக் காட்டினால் புள்ளியைச் சுற்றி விரிசல் விழலாம். தங்க வேலை முடிந்தபிறகு கடைசியில் அந்தக் கல்லைப் பதிக்கச் சொல்லுங்கள். பின்பக்கம் திறந்த செட்டிங் என்றால் வெளிச்சம் உள்ளே போகும், புள்ளியும் நன்றாகத் தெரியும்.

முலுண்ட் மீனா | அடுத்த வாரம் சனி, மாலை 6:15

தோடு வந்துவிட்டது. ஓப்பன் செட்டிங். பதினான்கு எடையும் ரசீதோடு சரியாக இருந்தது. எந்த இடத்தில் அந்தக் கல்லை வைக்கட்டும் என்று ஆசாரி கேட்டார். மகளிடம் கேட்டேன், வலது தோட்டில் நடுவில் என்றாள்.

கடையிலேயே லூப்பில் பார்த்தாள், மொபைல் படத்தோடு ஒப்பிட்டாள். மேல்பட்டைக்குக் கீழே, இடது ஓரத்தில், அதே இடத்தில் இருக்கிறது.